கனடா எஞ்சினைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள்: புகையிரதத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தின் பொது முகாமையாளர் அவர்களுக்கும், இரத்மலானையிலும் மாளிகாவத்தையிலும் எஞ்சின்களைப் பராமரிக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் சுன்னாகம் நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். எந்த எஞ்சின் வருகிறது என்று வீட்டுக்குள் இருந்தபடியே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவோம். "கனடா எஞ்சின் வருது" என்பார் அம்மம்மா. அதற்கு எம்2 என்று பெயர் இருப்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய மாநாட்டில் உருவானது, நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் கொழும்புத் திட்டம். அதன் கீழ் கனடா நமக்குக் கொடுத்தவைதான் 1954இல் வந்த முதல் எம்2 எஞ்சின்கள். ஒன்ராறியோவில் உள்ள லண்டன் என்ற ஊரில், ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள். பிறகு வந்தவற்றையும் சேர்த்தால் மொத்தம் பதினான்கு.

நீராவி எஞ்சினுக்கு நிலக்கரியும் வேண்டும், வழி நெடுகத் தண்ணீரும் வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. டீசலில் ஓடும் எஞ்சின் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றும். அந்த மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டர்களுக்குப் போய்ச் சில்லுகளை உருட்டும். பொது முகாமையாளராக இருந்த பி. டி. ரம்பால டீசலின் பக்கம் உறுதியாக நின்றார். யாழ்தேவி, உடரட்ட மெனிக்கே, ருகுணு குமாரி என்று பெயர் சூட்டிய கடுகதி வண்டிகள் அவர் காலத்துப் பிள்ளைகள். யாழ்தேவி முதன்முதலில் ஓடியது 1956 ஏப்ரல் 23இல்.

எழுபது வருடத்துக்கு முந்திய எஞ்சின் எப்படி இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. உங்களுக்குத் தெரிந்த விடயம்தான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எம்2வின் உள்ளே இருப்பது 567 வகை, பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட இரண்டடிப்பு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின். ஒரு சிலிண்டர் பழுதானால் பிஸ்டன், லைனர், ஹெட் எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தூக்கி எடுத்துவிட்டு வேறொன்றை இறக்கலாம். முழு எஞ்சினையும் கழற்றத் தேவையில்லை. திருத்துகிறவனின் கையை நினைத்துச் செய்த எஞ்சின் அது. ஆனாலும் வடிவமைப்பு பாதிதான். மீதி உங்கள் வேலையாட்களின் கை. எஞ்சினைச் செய்த லண்டன் தொழிற்சாலையே 2012இல் மூடப்பட்டுவிட்டது. அந்த ஒன்ராறியோவில்தான் இன்று எங்கள் ஊர்ச் சனம் எவ்வளவோ பேர் குடியிருக்கிறார்கள். எஞ்சின் அங்கிருந்து வந்தது, நாங்கள் அங்கே போனோம்.

591ஆம் இலக்க மனிற்றோபாவை மறக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று தென் கரையோரத்துப் பெரலியவில் ஆழிப்பேரலை புரட்டிப்போட்ட வண்டியை இழுத்துச் சென்றது அதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டுபோன இடத்திலிருந்து அந்த எஞ்சினை மீட்டு, திருத்தி, அலைகளின் படம் தீட்டி மீண்டும் ஓடவிட்டீர்கள். நினைவு நாளில் அது பெரலியவுக்கு வந்து நின்றிருக்கிறது. அந்த வேலையைச் செய்தவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன்.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. போரால் 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கு வண்டி வருவது நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் வண்டி திரும்பி வரும்போது, இருபத்து நான்கு வருடமாக ரயிலையே காணாமல் வளர்ந்த ஒரு தலைமுறை மேடையில் நின்று பார்த்தது. அவர்களுக்குக் கனடா எஞ்சின் என்றால் என்னவென்று தெரியாது.

இனி நான் கேட்க வந்ததைச் சொல்கிறேன். எம்2களை ஒவ்வொன்றாகச் சேவையிலிருந்து எடுக்கும் நாள் வரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றையாவது ஓடும் நிலையிலேயே வைத்திருங்கள். கடுகண்ணாவ புகையிரத நூதனசாலையில் வண்ணம் பூசி நிறுத்திவைத்தால் மட்டும் போதாது. எஞ்சின் ஓடினால்தான் அதைத் திருத்தத் தெரிந்தவர்களும் மிஞ்சுவார்கள். அப்புறம், ஓய்வுபெற்ற சாரதிகளும் பொறிவினைஞர்களும் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். சிங்களத்தில் பேசுபவர் சிங்களத்திலும் தமிழில் பேசுபவர் தமிழிலும் பேசட்டும். அந்த வரலாற்றை மூன்று மொழியிலும் எழுதிவையுங்கள்.

வருடம் ஒருமுறை, யாழ்தேவி முதலில் ஓடிய ஏப்ரல் 23இல், ஓர் எம்2 கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை வண்டி இழுத்து வரட்டும். சுன்னாகத்தில் ஒரு நிமிடம் நின்றால் போதும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் மேடையில் நிற்பேன்.

இப்படிக்கு,
சுன்னாகத்திலிருந்து ஒரு பயணி