ஒரே கரடியா, நாலு கரடியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாபநாசம், கடையம் பக்கத்து மலையடிவார ஊர்களில் கரடி இறங்குவது புதிதல்ல. நாலு தெருவில் நாலு பேர் பார்த்ததாகச் சொன்னால், வந்தது ஒரே கரடியா, நாலு கரடியா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடிவதில்லை. புலியை அதன் வரியை வைத்துக் கேமராப் படத்தில் பிரித்தறியலாம். பெரும்பாலும் கறுப்பான கரடிக்கு அந்த வசதி ஏது?

அதன் எச்சம் சொல்லிவிடும். குடலின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் எச்சத்தில் ஒட்டி வரும். அவற்றின் டிஎன்ஏவைப் பரிசோதித்தால் ஆணா பெண்ணா, முன்பே பதிவான அதே விலங்கா என்பதுவரை தெரியும். மயக்க ஊசி வேண்டாம், விலங்கைத் தொடவே வேண்டாம். 2025இல் வெளியான நாடு தழுவிய யானைக் கணக்கெடுப்பு, லத்தியிலிருந்து எடுத்த டிஎன்ஏவை முக்கிய ஆதாரமாகக் கொண்டுதான் 22,446 என்ற எண்ணிக்கையைச் சொன்னது.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் கரடிக்கும் இதைச் செய்ய வேண்டும். வெயிலும் மழையும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். புது எச்சமாகப் பார்த்து எடுக்க வேண்டும். அதற்குக் காட்டை அறிந்த காணி பழங்குடி இளைஞர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? அவர்களுக்குப் பயிற்சியும் நியாயமான கூலியும் கொடுத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வனத்துறை தொடங்க வேண்டும்.

- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்