பரந்தன் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். இரண்டு வருசத்துக்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டிய நன்றி, வெட்கத்தில் இவ்வளவு நாள் இழுத்துவிட்டது. கக்கூஸ் சம்பந்தப்பட்ட வருத்தம் என்றால் யாருக்குத்தான் வாய் வரும்?

எனக்கு இருப்பது குரோன்ஸ் என்ற குடல் வருத்தம். பக்கத்து வீட்டு மாமி இது தொற்றுமோ என்று கேட்டார், குரோன் என்பது ஏதோ கிருமியாக்கும் என்று நினைத்திருக்கிறார். 1932இல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க வைத்தியர் ஒருவரின் பெயர் அது, மாமி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்குகிறது, தொற்றாது, செய்வினையும் இல்லை. முதலில் காட்டிய இடத்தில் குடல் காசநோய் என்று ஆறு மாதம் குளிசை தந்தார்கள். கமரா விட்டுப் பார்த்தாலும் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியுமாம், அதனால் நான் யாரையும் நோகவில்லை.

ஆனால் அதற்குள் மலவாசலுக்குப் பக்கத்தில் சீழ்க்கட்டி வந்து, உடைந்து, பிஸ்டியூலா, அதாவது குடலில் இருந்து தோலுக்கு ஓடும் ஒரு துவாரம், ஆகிவிட்டது. சீழ் தேங்காமல் வடியட்டும் என்று அதற்குள் ஒரு நூலைக் கோத்து விட்டார்கள். தையலில் பிழைக்கிறவளுக்கே நூல் போட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது, மெசினுக்கு முன்னால் இருக்க முடியாமல் போனபோது வரவில்லை. அது டிசம்பர் மாதம், ஜனவரிக்குக் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் குவிந்து கிடந்தன. முன்வீட்டு அக்கா கேட்காமலே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்த் தைத்து, காசை என் கையில் வைத்தார். அக்கா, நூல் காசாவது எடுத்திருக்கலாம்.

வருத்தத்தை அடக்கத் தந்த பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தால் முகம் ஊதினபோது ஊரில் பாதிப்பேர் கொழுத்துவிட்டாய் என்றார்கள், சரி, அது கிடக்கட்டும். அடுத்த வருசம் சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கி அடைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் அதை வெட்டி எடுத்து, மலம் வெளியேற வயிற்றில் பை வைத்தார்கள். இரத்தம் தர புதுக்குடியிருப்பில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பொடியன்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. வாட்டில் பை மாற்றப் பழக்கின மிஸ்ஸி, நான் மூக்கைப் பொத்தினபோது, "இது உங்கட குடல்தானே, இதுக்கென்ன அருவருப்பு" என்றார். அதன் பிறகு நான் பொத்தவில்லை. இப்போது பையும் எடுத்தாகிவிட்டது. வெட்டின பகுதிதான் பி12 விற்றமினை உறிஞ்சுமாம், அதனால் அந்த ஊசி சாகும்வரை. அறுத்து எடுத்தாலும் வருத்தம் திரும்பி வரலாம் என்பதால் கிளினிக்கும் விடாது.

கிளினிக் என்றால் பஸ். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லா பஸ்ஸும் நிற்கும், அதுவரை பயமில்லை. அதற்கு அங்கால்தான் வயிறு பிடிக்கும். ஒருநாள் பரந்தனில் இறங்கி, தெரியாத ஒரு வீட்டுப் படலையைத் தட்டினேன். அந்த அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை, கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டினார். மூன்றாம் முறை போனபோது வாளியில் தண்ணீரும் துவாயும் ஆயத்தமாக இருந்தன, வெளியே வந்தால் பிளேன்டீ. அதுவரை பஸ்ஸை மறித்து வைத்திருந்த கொண்டக்டர் தம்பி, முணுமுணுத்த ஆட்களிடம் ரயர் பார்க்கிறோம் என்று பொய் சொல்லியிருக்கிறார்.

அம்மா, உங்கள் பெயரை நான் இன்னும் கேட்கவில்லை. வருகிற வியாழன் கிளினிக், வயிறு சரியாக இருந்தாலும் இறங்குவேன். தம்பி, முன் சீட் ஒன்று வைத்திருங்கோ.