நாடித் துடிப்பைப் பற்றி மகளுக்கு

தருமபுரி

அன்புள்ள மகளுக்கு,

உன் கைக்கடிகாரம் நாடித் துடிப்பை ஒரு மாலையில் 96 என்றும் மறுநாள் எழுந்ததும் 74 என்றும் காட்டியதாகச் சொல்லி, இரண்டில் எது உண்மை என்று கேட்டிருந்தாய். இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும். தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லி உன் கவலையை வளர்க்க விரும்பாததால் எழுதுகிறேன். கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றிய காலமெல்லாம் நாடி பிடித்துப் பழகியவள் என்பதால், இதில் உனக்குச் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு.

வளர்ந்தவர்களுக்கு ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு என்பது மருத்துவர்கள் வகுத்த பொது அளவு. இது மிகவும் அகன்ற எல்லை. எப்போதும் 64 இருக்கும் ஒருவருக்குக் காரணம் புரியாமல் வாரக்கணக்கில் 88 நீடித்தால், எண் எல்லைக்குள்தான் இருக்கிறது என்று நான் விட்டுவிட மாட்டேன், விசாரிப்பேன். ஆகவே உன்னுடைய வழக்கமான எண் எது என்பதை நீ முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அதற்குக் கடிகாரம் மட்டும் போதாது. அதன் அடியிலுள்ள பச்சை ஒளி, தோலுக்கடியில் இரத்தம் கூடிக் குறைவதைக் கொண்டு துடிப்பைக் கணக்கிடுகிறது. வார் தளர்ந்தாலோ கை அசைந்தாலோ கணக்குப் பிசகும். நீ இரவுப் பணிக்குச் செல்பவள் என்பதால், எந்த நேரத்தில் எழுந்தாலும் காபிக்கு முன்பாக ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ணு. கட்டைவிரலால் தொடாதே, அதற்கே துடிப்பு உண்டு என்பதால் உன்னைக் குழப்பிவிடும். எண்ணும்போது சீராக இருக்கிறதா என்பதையும் கவனி. மூச்சை இழுக்கையில் சற்று விரைந்து, விடுகையில் சற்றுத் தணிவது உன் வயதில் இயல்பானது. அப்படி ஓர் ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாகத் துடித்தால்தான் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஓய்வில் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறத்தாழ 70 மில்லி இரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறத்தாழ 5 லிட்டர். உழைப்பில் பழகிய இதயம் ஒரே துடிப்பில் அதிகம் தள்ளுவதால், அதே அளவு இரத்தத்துக்குக் குறைந்த துடிப்பே போதுமானதாகிறது. வத்தல்மலையில் நடந்தே ஏறி இறங்கிப் பழகியவர்களிடம் 55, 58 என்று எண்ணியிருக்கிறேன். தலைசுற்றலும் மயக்கமும் இல்லாதவரை அது உடல் வலிமையின் அடையாளம். உன் அப்பாவுக்கும் 58தான். ஆனால் அது இரத்த அழுத்தத்துக்காக அவர் உட்கொள்ளும் மெட்டோப்ரோலால் மாத்திரையின் வேலை. அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்று அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் ஒருமுறை சொல்.

துடிப்பை உயர்த்தும் காரணங்கள் பல. படுத்திருந்தவர் எழுந்து நின்றாலே பத்து பதினைந்து கூடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக இரத்தம் போக வேண்டியிருப்பதாலும், வியர்வையில் நீர் குறைவதாலும் நாடி விரையும். காய்ச்சலில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ பத்து கூடும். டைபாய்டு போன்ற சில காய்ச்சல்களில் மட்டும் சூட்டுக்கு ஏற்றபடி நாடி ஏறாமல் இருக்கலாம், அனுபவமுள்ள மருத்துவர்கள் அதைக் கவனிப்பார்கள். தூக்கக் குறைவு, மனக்கலக்கம், புகை, தைராய்டு மிகுதியாகச் சுரப்பது, மூச்சிரைப்புக்குத் தரும் சல்பூட்டமால் ஆகியவையும் உயர்த்தும். காபியிலுள்ள காஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். மாலை 96 என்று பார்த்த அன்று எத்தனை காபி குடித்தாய் என்று நினைத்துப் பார்.

ஆனால் உன் விஷயத்தில் என் சந்தேகம் காபியைத் தாண்டிச் செல்கிறது. மாதவிலக்கில் இரத்தப்போக்கு மிகுதி என்கிறாய், படியேறினால் மூச்சு வாங்குகிறது என்கிறாய், சமைக்க நேரமில்லாமல் பிஸ்கட்டும் தேநீருமாகப் பொழுதைக் கழிக்கிறாய். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால், சுமை ஏற்றிச் செல்லும் வண்டிகள் குறைந்தபோது இருக்கிற வண்டிகளே கூடுதல் நடை போக வேண்டியிருப்பதைப் போல, இதயம் விரைந்து துடித்துத்தான் உடலுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்க முடியும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. நம் மாவட்டத்துக் கிராமங்களில் படபடப்பு என்று என்னிடம் வந்த பெண்கள் பலருக்கும் இதயம் நன்றாகவே இருந்தது, இரத்தம்தான் போதாமல் இருந்தது. பல நாள் தாங்கிக்கொண்டு, வேலை எல்லாம் முடித்த பிறகே வருவார்கள். அது இன்றும் என்னை வருத்துகிறது. நீ அப்படித் தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். பெங்களூரிலேயே ஹீமோகுளோபினும் தைராய்டுக்கான டி.எஸ்.எச். அளவும் பார்த்துவிடு. இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தால் தேநீருடன் சேர்த்து விழுங்காதே, சத்து உடம்பில் சரியாகச் சேராது.

ஓய்விலேயே 100க்கு மேல் தொடர்ந்து நின்றால் மருத்துவரைப் பார். நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ சேர்ந்து வந்தால் எனக்கு அழைத்து யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே 108ஐ அழை.

இந்த வாரம் முழுவதும் எழுந்தவுடன் எண்ணியதை மட்டும் ஒரு தாளில் குறித்து வா. பகலில் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்காதே, அந்தக் கவலையே எண்ணை ஏற்றும். பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் ஹீமோகுளோபின் அளவை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா