தொழுவ வாடை பழுதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பெல்ஜிய பியர்களைப் பற்றி வந்த கட்டுரை, அவற்றில் சிலவற்றில் எழும் தொழுவ வாடையைக் கெட்டுப்போனதன் அடையாளமாகக் குறிப்பிட்டிருந்தது. அது சரியன்று.

1931இல் பெல்ஜியத்தின் ஓர்வால் மடாலயத்தில் தொடங்கப்பட்ட பியர் ஆலையில், புட்டியில் அடைக்கும்போது, அந்த வாடைக்குக் காரணமான பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்ட்டை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையைச் சேர்ந்த கிளாசன் 1904இல் பெயர் சூட்டி விவரித்த இந்த நுண்ணுயிர், வழக்கமான ஈஸ்ட் விட்டுவைக்கும் சர்க்கரையையும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்று தீர்ப்பதால், பியர் புட்டிக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கிறது.

சென்ற மாதம் பிரஸ்ஸல்ஸில் இரண்டு ஓர்வால் புட்டிகளை அருகருகே வைத்துச் சுவைத்தேன். அடைத்து இரண்டு மாதமே ஆனதில் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூக்களின் மணமும் கசப்பும் தூக்கலாக இருந்தன. ஓராண்டு கடந்ததிலோ கசப்பு தணிந்து, மழையில் நனைந்த தோலும் வைக்கோலும் கலந்தாற்போன்ற நெடி எழுந்தது. நுரை கெட்டியாக நின்றது. இனிப்பு அறவே இல்லை, நாக்கின் ஓரங்களில் மட்டும் மெல்லிய புளிப்பு. இரண்டாவதே எனக்கு மிகவும் பிடித்தது. மிகவும் குளிரவைத்தால் இந்த மணங்கள் அடங்கிவிடும் என்பதால், 12 முதல் 14 டிகிரியில் அருந்துவதே முறை.

பொறுமையோடு வளர்த்தெடுக்கப்படும் ஒரு குணத்தைப் பழுது என்று எழுதுவது அந்தத் தொழிலுக்கு இழைக்கும் அநீதியாகும். அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிரஸ்ஸல்ஸ் வாசகர் ஒருவர்