மைனிக்கு, மற்றப் படகுகளைப் பற்றி

மைனி,

உங்கள் மூத்த பிள்ளை, பெரியவன், மீன்பிடிக்கப் போட்டில் ஏறப்போகிறான் என்று நீங்கள் சொன்னதும் நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று அப்புறம் மெசேஜ் அனுப்பினேன். நீங்கள் அதை நம்பியிருக்க மாட்டீர்கள்.

நேரில் வந்தே பேசலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீங்கள் சோறு போட எழுந்துவிடுவீர்கள், சாப்பிட்டு முடிப்பதற்குள் என் கோபம் ஓடிவிடும். இந்தத் தடவை அது ஓடக் கூடாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்று தெரியும். ஓக்கிப் புயலில் திரும்பி வராமல் போன என் அண்ணன், உங்கள் புருசன், போன போட்டின் பெயர், முதலாளி, நிவாரணப் பணம் இதைப் பற்றியெல்லாம் ஒரு வரியும் எழுத மாட்டேன். கையெழுத்துப் போட உங்களை வற்புறுத்தியது யார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதற்கும் இங்கே பதில் இல்லை.

"ஆண்டவர் பாத்துக்குவாரு மக்களே" என்றீர்கள். 2017 நவம்பரில் அண்ணனை அனுப்பும்போதும் இதே வார்த்தையைத்தான் சொன்னீர்கள். அதை நினைத்தீர்களோ இல்லையோ, நான் நினைத்தேன்.

நவம்பர் 29 அன்று இலங்கைப் பக்கம் இருந்த தாழ்வு மண்டலம் மறுநாள் காலையில் ஓக்கி புயலாகி நம் குமரிக் கடலுக்கு வந்துவிட்டது. கரையில் கிடந்த நமக்கே மரங்கள் முறிந்த பிறகுதான் அதன் பலம் தெரிந்தது. தங்கல் தொழிலுக்கு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, முன்னமே போய் ஆழ்கடலில் கிடந்தவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? போட்டில் இருந்த வயர்லெஸ் அத்தனை தூரம் எட்டாது. இதைத் தேவசித்தம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது. கடலுக்குள் செய்தி கொண்டுபோக வழி செய்யாமல் இருந்தது மனிதர்கள். அந்தப் பழியை ஆண்டவர் தலையில் வைத்துவிட்டு, அதற்குப் பக்தி என்று பெயரும் வைக்க வேண்டுமா?

சரி. நான் சொல்ல வந்தது அந்த டிசம்பர் பூசையைப் பற்றி.

அந்த வருஷம் நம் தெருவில் யாரும் ஸ்டார் தூக்கவில்லை, குடில் கட்டவில்லை. காற்று அடித்துக்கொண்டுபோய் மகாராஷ்டிரத்துத் தேவ்கட்டில் கரை ஏறியவர்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். நம் தெருக்காரர் ஒருவரும் வந்திருந்தார். பூசை முடிந்ததும் நன்றி சொல்ல அவரைப் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்த கை ஆடியது. உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. "ராத்திரி முழுக்க ஜெபமாலை சொன்னோம், ஆண்டவர் எங்க ஜெபத்தக் கேட்டாரு" என்றார். கோவில் முழுக்கக் கை தட்டியது. நீங்களும் தட்டினீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் என் அண்ணன் ஜெபிக்கவில்லையா? கடற்கரைச் சிலுவைக் குருசடியில் கை வைத்துக் கும்பிடாமல் ஒருநாளும் கடலுக்குப் போகாத மனிதர். அவர் சொன்ன ஜெபமாலை எங்கே போயிற்று?

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நீங்கள் வரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், அந்த மனிதரின் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவள் அழுகிறாள், நீங்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுக்கிறீர்கள். கோவில் முற்றத்தில், அத்தனை பேர் முன்னால், "ஒங்களுக்கு வெக்கமே இல்லியா மைனி?" என்று நான் கத்தினேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "அவ புருசன் வந்ததுக்கும் நான் அழணுமா மக்களே? எனக்கு அழுக வேற ஆளு இருக்கு" என்றீர்கள்.

அந்த முற்றத்தில் வைத்துக் கத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணும் மன்னிக்கட்டும். ஆனால் என் கேள்வி தப்பு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. வந்தவர்களின் ஜெபம் கேட்கப்பட்டது என்று மைக்கில் சொல்கிற இடத்தில், வராதவர்களின் வீட்டார் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவது? நீங்கள் உட்கார்ந்தீர்கள். என்னால் முடியவில்லை. அதனால் உங்கள் விசுவாசம் பெரிது, என்னுடையது சின்னது என்று தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொன்னவரும் இதைப் படிக்கட்டும்.

அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ஸ்டேஷனில் ரயிலை மறித்து ஊர் ஊராக ஜனம் உட்கார்ந்தபோது, தண்டவாளத்தின் நடுவில் ஜெபமாலையோடு நீங்களும் இருந்தீர்கள். தேடுவதை நிறுத்தாதே என்று அரசாங்கத்தைப் பார்த்துச் சத்தம் போட்ட அதே வாயால் அருள்நிறை மரியேவும் சொன்னீர்கள். அந்த மைனியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். "ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று போனில் சொன்ன மைனிதான் புரியவில்லை.

மாற்கு நற்செய்தி நாலாம் அதிகாரத்தை நீங்கள் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார், புயல் அடிக்கிறது, சாகப்போகிறோமே உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் எழுப்புகிறார்கள். பிரசங்கமெல்லாம் அந்த ஒரு படகைப் பற்றியே இருக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வரி வருகிறது: வேறு படகுகளும் அவரோடு போயின. அப்புறம் அந்தப் படகுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அவற்றில் தண்ணீர் ஏறியதா, எழுப்புவதற்கு அங்கே யார் இருந்தார்கள், ஒன்றுமே இல்லை. கடற்கரையில் பிறக்காத ஒருவருக்கு அந்த வரி கண்ணில் படாமலே போகலாம். எனக்கு இப்போது அதிகாரம் முழுக்க அந்தப் படகுகள்தான் தெரிகின்றன.

ஒரு சாமியாரிடம் கேட்டேன். "காற்று அடங்கினால் எல்லாப் படகுக்கும்தானே அடங்கியிருக்கும்?" என்றார். உண்மைதான். ஓக்கியும் அடங்கியது, லட்சத்தீவைத் தாண்டி வடக்கே போய் குஜராத் பக்கம் டிசம்பர் 5 வாக்கில் தேய்ந்துபோனது. அடங்கும்வரை தாக்குப்பிடிக்காதவர்களைப் பற்றித்தான் என் கேள்வி. சாமியார் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அவரோடு போயின என்றுதான் எழுதியிருக்கிறது" என்றார். அவ்வளவுதான். நானும் மேலே கேட்கவில்லை. ஆனால் அந்த "அவரோடு" என்னை விடவில்லை. நீங்கள் இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தானோ? அண்ணன் வருவார் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை என்பது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. தனியாகப் போகவில்லை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

எனக்கும் அது கொஞ்சம் பிடிபடுகிறது. கொஞ்சம்தான்.

அதற்காகப் பெரியவனை அனுப்ப வேண்டுமா? ஓக்கியில் ஆறாம் வகுப்பு படித்த பிள்ளை. அப்பாவின் முகம் அவனுக்கு அப்படியே இருக்கிறது, நடையும். அவன் கடலுக்குப் போகாமல் நீங்கள் தடுத்தால், ஆண்டவரைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்களோ? அப்படியானால் அது எனக்கு நம்பிக்கையாகத் தெரியவில்லை, பிடிவாதமாகத்தான் தெரிகிறது. இல்லை, அவனே ஆசைப்பட்டு, நீங்கள் மனசில்லாமல் சம்மதித்திருந்தால், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவனுக்கு அத்தை என்று நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

போவதுதான் முடிவு என்றால் இதைச் செய்யுங்கள். செயற்கைக்கோள் வழியாகப் பேசும் ட்ரான்ஸ்பாண்டர், இஸ்ரோ உருவாக்கியது, இப்போது போட்டுகளில் வைக்கிறார்கள். கரையிலிருந்து புயல் செய்தி அதில் போகும், ஆபத்து என்றால் அவர்களும் பொத்தானை அமுக்கலாம். அவன் ஏறும் போட்டில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மூட்டைக்கு அடியில் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தைத் தாண்டும்போது அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும், அங்கே எத்தனை வள்ளம் கவிழ்ந்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜெபமாலையும் கொடுத்து அனுப்புங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

30ஆம் தேதி பூசைக்கு வருகிறேன். யாராவது சாட்சி சொல்ல எழுந்தால் உட்கார்ந்திருப்பேனா என்று இப்போதே சொல்ல முடியாது. எழுந்து போனால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.