கடைசி பெஞ்சு இல்லாத வகுப்பு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதும், "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை. பெங்களூரு வேலையை விட்டுவிட்டு, 58 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று மகள் சொல்கிறாள். 31 வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தியவனுக்கு அதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்தேன். போனில் சொல்ல வராதது காகிதத்தில் வரும் என்று தோன்றியது.

2008-இல் உன்னை ஒரு சின்னப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏன் அங்கே சேர்த்தோம் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது நீ பள்ளியில் பேசுவதையே நிறுத்தியிருந்தாய். வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. வகுப்பில் ஒரு சொல் கிடையாது. ரேங்க் கார்டில் 'மிகவும் அமைதியான பிள்ளை' என்று எழுதியிருந்தார்கள். நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. "இவ குரல் எப்படி இருக்கும்னு அந்த டீச்சருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஏனென்றால் அந்த வருஷம் என்னுடைய ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் 64 பேர். அவர்களில் எத்தனை பேருடைய குரல் எனக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டவில்லை.

முதல் தடவை அந்தப் பள்ளிக்குப் போனபோது காலை பத்து மணி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் சேர்த்து 54 பிள்ளைகள், ஒன்பது ஆசிரியர்கள். மணி அடிக்கவில்லை, சீருடை இல்லை. திண்ணையில் நாலு பிள்ளைகள் பீர்க்கங்காய் தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்குச் சமையல் முறை. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கியவர்தான் வேதியியல் ஆசிரியர் என்று பிறகுதான் தெரிந்தது. அவரைப் பிள்ளைகள் "அண்ணா" என்று கூப்பிட்டார்கள். உள்ளே வகுப்பு நடந்தது. பாய் விரித்து ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாராக இருப்பவனுக்கு எந்த வகுப்பறைக்குள் போனாலும் கண் முதலில் கடைசி பெஞ்சுக்குத்தான் போகும். இங்கே கண்ணுக்குப் போக இடமே இல்லை. வட்டத்துக்குக் கடைசி ஏது? அதைப் பார்த்துத்தான் சேர்த்தேன். அவர்கள் கொடுத்த கொள்கைக் குறிப்பை அப்புறம்தான் படித்தேன்.

சொந்தக்காரர்கள் பேசியது உனக்கும் ஓரளவு தெரியும். அரசுப் பள்ளி வாத்தியார் தன் பிள்ளையைத் தன் பள்ளியிலும் சேர்க்கவில்லை, பேர்பெற்ற மெட்ரிக் பள்ளியிலும் சேர்க்கவில்லை, காய் நறுக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு அனுப்புகிறான் என்றார்கள். முதல் பாதி உண்மைதான். அது இன்றைக்கும் எனக்குள் உறுத்துகிறது. என் சக ஆசிரியர் ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளையும் எங்கள் பள்ளியிலேயே படிக்க வைத்தார். அவர் முன்னால் எனக்குக் கொஞ்சம் தலை தாழும்.

முதல் இரண்டு வருஷம் நான் நிம்மதியாக இல்லை. எட்டாம் வகுப்பில் புளியமரத்தின் உயரம் கண்டுபிடித்தீர்களே, நினைவிருக்கிறதா? கம்பின் நிழலையும் மரத்தின் நிழலையும் ஒப்பிட்டுக் கணக்கிடும் வடிவொத்த முக்கோணங்கள். நான் கரும்பலகையில் ஒரு பீரியடில் முடிக்கிற விஷயம். நீங்கள் ஐந்து பேரும் மூன்று வாரம் அதிலேயே இருந்தீர்கள். ஒரு நாள் 14.2 மீட்டர், இன்னொரு நாள் 13 மீட்டர். ஒரே மரம் இரண்டு நாளில் எப்படிக் குட்டையாகும் என்று வீட்டுக்கு வந்து புலம்பினாய். எனக்கு விடை தெரியும் என்று நினைத்தேன். அளவு நாடாவைத் தொய்வாகப் பிடித்திருப்பீர்கள் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. நாலு நாள் கழித்து வந்து சொன்னாய்: முதலில் இரண்டு மீட்டர் மூங்கில் கம்பின் நிழலை அளந்தோம், அப்புறம் யார் மரத்தடிக்குப் போவது என்று பத்து நிமிஷம் சண்டை போட்டோம், அதற்குள் வெயில் ஏறிவிட்டது.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியின் சுழற்சியால் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. பத்து நிமிஷத்தில் இரண்டரைப் பாகை. காலை ஒன்பதரை மணி வாக்கில் வெயில் ஏறத்தாழ 45 பாகை சாய்வில் இருக்கும். அப்போது அந்த இரண்டரைப் பாகைக்கே 14 மீட்டர் மரத்தின் நிழல் ஒரு மீட்டருக்கு மேல் சுருங்கிவிடும். நீ சொன்னது அப்படியே சரி. இரண்டு நிழலையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்று நான் எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். தவறினால் எவ்வளவு தவறும் என்று ஒரு முறைகூடக் கணக்குப் போட்டதில்லை. நிழலின் நுனி ஏன் மங்கலாக விழுகிறது, சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால்தானே என்று நீ அடுத்த கேள்வியைக் கேட்டபோது நான் விடை சொல்லவில்லை. "உங்க அண்ணாவையே கேளு" என்றேன். உன்னிடமிருந்து அந்தக் கேள்வியைப் பிடுங்க மனசு வரவில்லை.

மரத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு நாள் சாப்பிடும்போது பின்னக் கணக்கு ஒன்றை விளக்கினேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "புரியலப்பா" என்றாய். பயமில்லாமல், வெட்கமில்லாமல், உப்பு வேண்டும் என்று சொல்வது போல. என் வகுப்பில் அந்தச் சொல்லை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. 64 பேர் நடுவில் 'புரியல' என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த வாரத்திலிருந்து தினம் ஐந்து பேரை முன்னால் கூப்பிட்டு, என் மேஜையைச் சுற்றி நிற்கவைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். ஒரு சுற்று முடிய 13 நாளாகும். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆனால் ஓய்வு பெறும் வரைக்கும் அதை விடவில்லை. என் பிள்ளைகளுக்கு உன் பள்ளியிலிருந்து கிடைத்தது அது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உன்னிடம் எல்லோரும் ஒன்று கேட்பார்கள்: 58 பேருக்கு நல்லது செய்து என்ன ஆகப் போகிறது, நாட்டில் கோடிக்கணக்கான பிள்ளைகள் இருக்கிறார்களே? நானும் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் எங்கள் துறையிலேயே இருந்தது. டேவிட் ஹார்ஸ்பர்க் என்ற ஆங்கிலேயர், ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், 1972-இல் கோலார் பக்கம் நீல்பாக் என்று ஒரு சின்னப் பள்ளி தொடங்கினார். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். தேர்வு கிடையாது, தண்டனை கிடையாது, பரிசும் கிடையாது. அதே வழியில் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில், ஒரே ஆசிரியர் இருக்கும் சின்னச் சின்னப் பள்ளிகளில், பாட அட்டைகளும், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படிப் படமும் வைத்து ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கும் முறை வளர்ந்தது. சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். 2003-இல் 13 பள்ளிகளில் ஆரம்பித்து, 2007-இல் செயல்வழிக் கற்றல் என்று தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்துவிட்டது. அதில் குறைகள் இருந்தன. எங்கள் தொடக்கப் பள்ளி நண்பர்கள் அட்டைகளை அடுக்கியே அலுத்துப்போனார்கள். ஆனாலும் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார, ஆசிரியர் நாற்காலியை விட்டுக் கீழே இறங்கினார். விதை எவ்வளவு சின்ன இடத்திலிருந்து வந்தது, பார்.

சரி, இனி கசப்பானது. அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

உன் ஒன்பதாம் வகுப்பு. உன் குழுவில் பெண் பிள்ளைகள் இரண்டே பேர். அந்த இன்னொருத்தியோடு உனக்குப் பேச்சு நின்றுபோனது. 64 பேர் வகுப்பாக இருந்தால் இன்னொரு தோழியைத் தேடிக்கொண்டிருப்பாய். அங்கே தேட ஆள் இல்லை. எட்டு மாசம் நீ தனியாகச் சாப்பிட்டாய். வாரக் கூட்டத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, உங்கள் இருவரையும் பேசச் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அன்று ராத்திரி நீ, "என்னைக் கொஞ்ச நாள் விட்டுடச் சொல்லுங்கப்பா, எல்லாரும் என்னையே பாக்கறாங்க" என்று அழுதாய். நான் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், ஆனால் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்கள். ஒளிய இடமில்லாத பள்ளி என்று சந்தோஷப்பட்டுச் சேர்த்தவன் நான். ஒரு பிள்ளைக்குச் சில நாள் ஒளிந்துகொள்ளவும் இடம் வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ வாத்தியாராகப் போகிற இடத்தில் இதை மட்டும் மறக்காதே. பேசாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை எல்லோர் முன்னாலும் பேச வைக்காதே. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது கூட்டிக்கொண்டு போ. வழியில் தானாகப் பேசும்.

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் அக்கா பாதியில் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கற்பிப்பது, சமையல் மேற்பார்வை, விடுதி, ராத்திரி காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் ஒரே ஆள். மூன்று மாசம் நீ தனியாகவே புத்தகத்தோடு போராடினாய். சனிக்கிழமைகளில் நான் உட்கார்ந்தேன். ஆய்வுக்கூடம் என்று சொல்ல ஒரு அலமாரிதான் இருந்தது. கல்லூரியில் முதல் வருஷம் நீ தடுமாறியதற்கு அதுவும் காரணம். அதை நீ என்மேல் போட்டதில்லை. நான்தான் என்மேல் போட்டுக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பை என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதியதில் மட்டும் எனக்கு வருத்தமே இல்லை. ஐந்து பாடம், நாமே தேர்ந்தெடுப்பது, அக்டோபரில் இரண்டு, ஏப்ரலில் மூன்று என்று பிரித்து எழுதலாம், ஐந்து வருஷத்தில் ஒன்பது வாய்ப்பு. என் பள்ளியில் மார்ச் மாதம் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? கல்லூரியில் சேர்க்கப் போனபோது ஒரு அலுவலர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இரண்டு நாள் அலைந்தோம், அவ்வளவுதான். உன் பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்த அலைச்சலை முன்கூட்டியே சொல்லிவை. சான்றிதழ் செல்லும் என்பதற்கான அரசுக் கடிதங்களின் நகல் பள்ளிக் கோப்பில் இருக்கட்டும்.

இப்போது நீ சிரிக்கப் போகிற பகுதி. சிரித்தாலும் செய்துவிடு. பள்ளியின் அங்கீகாரக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாமல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி நடத்த முடியாது. கட்டடம், நூலகம், விளையாட இடம், கழிப்பறை என்று விதிகள் உண்டு. நல்ல மனசு மட்டும் வைத்துக்கொண்டு பள்ளி நடத்துகிறவர்கள் காகிதத்தில்தான் சறுக்குவார்கள். அடுத்தது, 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். கட்டாயமில்லை. அதனால் தபால் ஆபீசில் பி.பி.எஃப். என்ற நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்கு. வருஷத்துக்கு 500 ரூபாய் போட்டால்கூடக் கணக்கு உயிரோடு இருக்கும், 15 வருஷத்தில் முதிரும். சம்பளம் தாமதமானால் கேள். கேட்பது உன் பள்ளியை நேசிக்காதது ஆகாது. வாரத்தில் ஒரு நாள் உனக்கென்று வைத்துக்கொள். அன்றைக்கு விடுதியில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இன்னொருவர் போகட்டும்.

அம்மா பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். அந்த மூங்கில் கம்பு இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு நீ போட்டது, பாதி அழிந்திருந்ததை நேற்று மறுபடி போட்டுவைத்தேன். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், நானே வண்டியில் கட்டி எடுத்து வருகிறேன். ஒரு சனிக்கிழமை வந்து உன் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று உன் பள்ளியில் கேட்டுச் சொல். முழங்கால் வலி பரவாயில்லை, பாயிலேயே உட்கார்ந்துகொள்வேன்.

அன்புடன்,
அப்பா