கூட்டணிக் கணக்கு: நண்பனுக்கு ஒரு கடிதம்

மதுரை,
ஜூன் 2024

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் இறங்கவில்லை.

டெல்லியில் மோடியின் இந்தக் கூட்டணி ஆட்சி தாங்குமா என்று கேட்டிருந்தாய். தாங்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 9-ஆம் தேதி பதவியேற்றது பிரதமரோடு சேர்த்து 72 பேர். அதில் கூட்டணிக் கட்சிக்காரர்கள் 11 பேர்தான். உள்துறை, பாதுகாப்பு, நிதி, வெளியுறவு நான்கையும் பாஜக விட்டுக்கொடுக்கவில்லை. 16 எம்.பி. வைத்திருக்கும் தெலுங்கு தேசத்துக்கு ஒரு கேபினட், ஒரு இணை அமைச்சர், அவ்வளவுதான். 2004-இல் திமுகவிடமும் இதே 16 தானே? மன்மோகன் அரசில் ஏழு பேர் மந்திரியானார்கள், அதில் மூன்று பேர் கேபினட். கப்பல், சாலை, தொலைத்தொடர்பு எல்லாம் நம் ஆட்கள் கையில் இருந்தது. கலைஞரின் சாமர்த்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்று காங்கிரசிடம் இருந்தது 145. இன்று பாஜகவிடம் 240. பெரிய கட்சிக்குப் பெரும்பான்மைக்கு வேண்டிய 272-ஐத் தொட எத்தனை குறைகிறதோ, அதைப் பொறுத்துத்தான் மற்றவர்களின் பேரம். தெலுங்கு தேசத் தலைவர் நாயுடு இலாகாவுக்காக முறுக்கமாட்டார், ஆந்திரத் தலைநகர் அமராவதிக்குப் பணம் கேட்பார், பார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதுசா? 1998-இல் சுப்பிரமணியன் சுவாமியை ஜெயிக்க வைத்தோம். மறு வருஷம் டெல்லியில் அவர் வைத்த தேநீர் விருந்தில் ஜெயலலிதாவும் சோனியாவும் உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் ஜெயலலிதா ஆதரவை விலக்க, வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் போனது. 2009-இல் அழகிரி. உரத்துறை கேபினட் மந்திரியே நம் தொகுதிக்காரர்.

ஆனால் இடையில் 2004-இல் ஜெயித்த மார்க்சிஸ்ட் மோகனின் காலத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். அவர் கட்சி மந்திரி பதவி எதுவும் வாங்காமல் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது. குறைந்தபட்சப் பொதுத் திட்டம் என்று ஒன்றை எழுதி வைத்து, இடதுசாரிகள் அதைச் சொல்லிச் சொல்லியே நெருக்கினார்கள். நூறு நாள் வேலைச் சட்டம் 2005-இல் வந்தது அப்படித்தான். முதலில் திண்டுக்கல், சிவகங்கை. அப்புறம்தான் நம் மாவட்டம். உசிலம்பட்டிப் பக்கம் பெண்கள் கையில் சொந்தக் காசு புழங்கியதை நீயே பார்த்திருக்கிறாய். எந்த மந்திரி நமக்கு அவ்வளவு செய்தார்? 2008-இல் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து ஆதரவை விலக்கினார்கள். அரசு 275-க்கு 256 என்று பிழைத்துக்கொண்டது. அத்தோடு அவர்கள் பிடியும் போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு.

இந்த முறை தமிழ்நாட்டின் 39-ம் எதிரணிக்குப் போயிருக்கிறது. நம் தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019-இல் அடிக்கல் போட்டார்கள். அது என்ன ஆயிற்று என்று கேட்கக்கூட சபையில் சத்தம்தான் போடவேண்டும், பேரம் பேச வழியில்லை.

ஆவணியில் பேரனுக்கு அழகர்கோவிலில் காதுகுத்து. டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் மாப்ள